இருபது விழுக்காடு எத்தனால்: மைலேஜ் குறைவுக்குப் புட்டி மருந்து கிடையாது

இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் என்னும் ஆல்கஹால் கலந்திருக்கிறது. அந்த எத்தனாலை முறித்துவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் திரவத்தை வாங்கி டேங்கில் ஊற்றிவிட்டு, அதன் பிறகும் மைலேஜ் கூடவில்லை என்று பட்டறைக்கு வருவோர் பெருகிவிட்டனர். அண்மையில் வந்த ஒருவர், காணொளி ஒன்றைப் பார்த்து, பெட்ரோலோடு தண்ணீரைக் கலந்து குலுக்கி, எத்தனாலைப் பிரித்துவிட்டதாக எண்ணி மேலே நின்றதை வண்டிக்கு ஊற்றியிருந்தார். அதைச் செய்த இடம் வீட்டுச் சமையலறை. இனியும் வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது போதாது என்பதால் எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். குறைவு எரிபொருளிலேயே இருக்கிறது. சில மில்லிலிட்டர் திரவம் அந்தச் சக்தியைத் திருப்பித் தர முடியாது. ஆல்கஹாலை ஆல்கஹால் அல்லாததாக மாற்றவும் முடியாது. துருவைத் தாமதப்படுத்தும் திரவங்கள் உண்டு, ஆனால் அது வேறு வேலை. தண்ணீர் விட்டுப் பிரிப்பது அதைவிடக் கேடானது: எத்தனாலோடு, பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் காக்கும் ஆக்டேன் அளவும் இறங்கிவிடுவதால் என்ஜின் தட்டத் தொடங்கும், எஞ்சிய ஈரம் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், பெட்ரோல் ஆவி எங்கே தீப்பற்றும் என்று எவராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போர் சிலர், காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்து வைக்குமாறு வற்புறுத்துகின்றனர். எத்தனால் கலப்பே காற்று–எரிபொருள் விகிதத்தில் எரிபொருளின் பங்கைக் குறைத்துவிடுகிறது. அதற்கு மேலும் குறைத்தால் என்ஜின் சூடேறும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. பொறுப்புள்ள எந்த மெக்கானிக்கும் அதைச் செய்ய மாட்டார்.

உண்மையான செலவு எங்கே இருக்கிறது? முதலில் மைலேஜில். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, 20 விழுக்காடு கலப்பைப் போட்டால், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 விழுக்காடு எத்தனாலுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், அத்தகைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடும் எரிபொருள் திறன் குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று கொண்டு, மாதம் 30 லிட்டர் போடும் ஒருவருக்கு 4 விழுக்காடு என்றால் மாதம் 120 ரூபாய், ஆண்டுக்கு 1,440 ரூபாய். வண்டியை நம்பித் தொழில் செய்யும் டெலிவரி ஊழியருக்கு இது சிறிய தொகையன்று. இந்த இழப்பை ஈடுகட்ட, கலப்பு எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கையே பரிந்துரைத்திருந்தது. நுகர்வோருக்கு அந்த விலைக்குறைப்பு வந்து சேரவில்லை. எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாயாகி, வரிகள் சேரும் முன் சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலுக்கு இருக்கும் விலையைத் தாண்டிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. இத்திட்டம் நாடும் அந்நியச் செலாவணி சேமிப்பும் உழவர்களுக்கான வருவாயும் நல்ல நோக்கங்களே. ஆனால் அவற்றின் விலையில் ஒரு பங்கைப் பழைய வண்டிக்காரர் தன் டேங்கிலிருந்து கொடுக்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பழைய வண்டிகளுக்கென 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் பெட்ரோல் பங்க்குகளில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது செலவு ரப்பரில். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் பெட்ரோல் டியூப், ஓ-ரிங், கார்புரேட்டர் கேஸ்கெட் போன்றவை இந்தக் கலப்பை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பும், அல்லது இறுகி விரிசல் விடும். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்பதை அமைச்சகமும் ஏற்றிருக்கிறது. புட்டிக்குக் கொடுக்கும் பணத்தைப் பெட்ரோல் டியூபுக்குக் கொடுங்கள்.

மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும், என்ஜின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் இப்படி நின்றுபோகும் வண்டிகளுக்காகப் பங்க் ஊழியரோடு சண்டையிடுகிறோம். பல நேரங்களில் நீர் புகுந்த வழி நம் டேங்க் மூடிதான். வாட்டர் வாஷில் மூடியின் மேல் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளையில் மண் அடைத்திருந்தால் நீக்குங்கள், இற்றுப்போன மூடி ரப்பரை மாற்றுங்கள். வெளிநாட்டுக்குச் செல்வோர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் பட்டறையில் வடித்து வாங்கிவிடுங்கள்.

வண்டியருகே பெட்ரோல் வாடை வந்தால், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை அடைக்கும் திருகு (பெட்ரோல் காக்) இருந்தால் அதை மூடி, ஸ்டார்ட் செய்யாமல், வீட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.