மஹலாவிலிருந்து நகராட்சி மன்றத்துக்கு: ரோமாக்டெட் திட்டம் எப்படி நடக்கிறது?

தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள பால்கன் நாடுகளில் ரோமா மக்கள் சேர்ந்து வாழும் பகுதியை மஹலா என்பார்கள். நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் மஹல்லாவும் அதுவும் ஒரே அரபுச் சொல்தான். உஸ்மானியத் துருக்கியர் (ஒட்டோமான்) ஆட்சிக் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. ரோமா மக்களின் வேரோ இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். இன்றும் அவர்கள் மொழியில் தண்ணீருக்கு 'பானி' என்றுதான் பெயர். ஜிப்சி என்ற சொல்லை அவர்களில் பலர் இழிவாகக் கருதுவதால் இங்கே ரோமா என்றே எழுதுகிறேன்.

அந்தப் பானி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 10 நாடுகளில் நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரோமா மக்களில் 22 சதவீதம் பேருக்கு வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இருக்கவில்லை. 80 சதவீதம் பேர் வறுமையின் விளிம்பில் இருந்தார்கள்.

இந்த நிலையை உள்ளூர் அளவில் மாற்றத்தான் 2017 இல் ரோமாக்டெட் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஐரோப்பியப் பேரவையும் (இரண்டும் வேறு வேறு அமைப்புகள்) சேர்ந்து பணம் போடுகின்றன, பேரவை நடத்துகிறது. அல்பேனியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, வடக்கு மாசிடோனியா, செர்பியா, கொசோவோ, துருக்கி ஆகிய இடங்களில் இத்திட்டம் நடக்கிறது. 2021 இல் இரண்டாம் கட்டம் ஆரம்பமானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வீடு கட்டித் தரும் திட்டம் அல்ல. நகராட்சியிடம் ஏற்கனவே இருக்கும் பணத்திலும், வெளியிலிருந்து நகராட்சி வாங்கக்கூடிய பணத்திலும் மஹலாவுக்கு ஒரு பங்கு கிடைக்கும்படி அங்குள்ள மக்களே கேட்டு வாங்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம். வெளியிலிருந்து வந்து அடிகுழாய் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பலமுறை பார்த்த ஊர்களுக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். குழாய் உடைந்தால் யாரைக் கேட்பது என்பதாவது அப்போது தெரிந்திருக்கும்.

நடைமுறை இப்படி. முதலில் மேயரும் நகராட்சியும் சேரச் சம்மதிக்க வேண்டும். பிறகு களப்பணியாளர் ஒருவர் மஹலாவில் வீடு வீடாகப் போய்ப் பேசி, அங்குள்ளவர்களைக் கொண்டே ஒரு சமூகச் செயற்குழு அமைக்க உதவுவார். பெண்களும் இளைஞர்களும் அதில் இருக்க வேண்டும் என்பதில் கவனம் வைக்கிறார்கள். குழு கூடித் தேவைகளை வரிசைப்படுத்தும். கடினமான கட்டம் இதுதான். தெருவிளக்கு வேண்டும் என்பார் ஒருவர். மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கே வருகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்பார் இன்னொருவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி சேறாகக் கிடக்கிறது என்பார் ஒரு தாய். எது முதலில் என்று அவர்களே முடிவு செய்வார்கள். அந்தப் பட்டியலோடு நகராட்சி அதிகாரிகளுடன் உட்கார்ந்து பேசி, கூட்டுச் செயல்திட்டம் ஒன்றை எழுதி, நகராட்சியின் ஒப்புதலுக்கு வைப்பார்கள். நிதிக்கு விண்ணப்பம் எழுத அதிகாரிகளுக்கும் இத்திட்டத்தில் பயிற்சி உண்டு. சிறிய நகராட்சிகளில் அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே அரிது.

சட்டப்படி நகராட்சியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது. மேயர் மாறினால் பேச்சை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அதனால் எழுத்தில் கொடுத்த வாக்குறுதி ஒன்று கையில் இருப்பது நல்லது. மேற்கு பால்கன் அரசுகள் 2019 ஜூலையில் போலந்தின் போஸ்னான் நகரில் ஒப்புக்கொண்ட பிரகடனம் அதற்கு உதவும். ரோமா மக்களில் 95 சதவீதம் பேரைப் பிறப்பு முதலிய பதிவேடுகளில் சேர்ப்பது, முறைப்படுத்தப்படாத குடியிருப்புகளை முடிந்த இடத்தில் எல்லாம் சட்டபூர்வமாக்குவது, முடியாத இடத்தில் நிரந்தர வீடு தருவது என்று அதில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆவணங்கள். பெரும்பாலான தடங்கல் இங்கேதான் வருகிறது. நம் வழக்கில் சொன்னால் பட்டா இல்லாத இடம். இடம் முறையில்லை என்றால் வீட்டுக்கு முகவரி இல்லை. முகவரி இல்லை என்றால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் மருத்துவக் காப்பீடு, உதவித்தொகை எதையும் கேட்க முடியாது. தாய்க்கே ஆவணம் இல்லை என்றால் குழந்தையின் பிறப்பைப் பதிவதும் சிக்கலாகும்.

செர்பியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முகவரி இல்லாதவர் சமூக நல மையத்தின் முகவரியையே தன் முகவரியாகப் பதியலாம் என்று 2011 இல் சட்டம் போட்டார்கள். பிறப்பு பதிவாகாதவர் பிறந்த நாளையும் இடத்தையும் நீதிமன்றத்தில் நிரூபித்துப் பதிய 2012 இல் வழி செய்தார்கள். அங்குள்ள மஹலாக்காரர் செயற்குழுக் கூட்டத்துக்குப் போகும் முன்பே இந்த இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். முகவரி வந்தால் அட்டை வரும், வாக்காளர் பட்டியலில் பெயரும் ஏறும். அதன்பின் தேர்தலில் நிற்பவர்கள் சேறு கிடக்கும் அந்தத் தெருவுக்குள்ளும் நடந்து வரவேண்டியிருக்கும்.