அதிரும் பலகையில் நின்றால் கால் ஏன் அரிக்கிறது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் அக்கா, முழங்காலுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு வைப்ரேஷன் பிளேட் ஒன்றை வாங்கினாள். ஏறி நின்று நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பாதியிலேயே இறங்கி, கெண்டைக்காலைப் பறபறவென்று சொறிய ஆரம்பித்துவிட்டாள். "டேய், மெஷின்ல கரண்ட் லீக் ஆகுது போல, டெஸ்டர் வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அப்புறம் அவள் காலைப் பார்த்தேன். கெண்டைக்கால் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது, தொட்டால் சூடு. தடிப்பு எதுவும் இல்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்தச் சிவப்பும் சூடும்தான் துப்பு. ஜிம்மில் இருக்கும் பலகைகள் பொதுவாக வினாடிக்கு 20 முதல் 50 தடவை அதிரும். 30 தடவை என்று வைத்துக்கொள்வோம். பலகை நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 2 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத தூரம். ஆனால் கணக்குப் போட்டால், உச்சத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 7 மடங்குக்கு மேல். பத்து நிமிடம் நின்றால் 18,000 குலுக்கல். எலும்பும் தசையும் தாங்கிக்கொள்ளும், தோல் மட்டும் பாயசத்தின் மேலாடை போல அலையடிக்கும்.

தோலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில், ஒற்றை அடுக்காகச் செல்கள் படிந்திருக்கின்றன. ரத்தம் தங்களை எவ்வளவு உரசிக்கொண்டு போகிறது என்பதை இவை உணரும். உரசல் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும், குழாய் தளர்ந்து விரியும், ரத்தம் மடை திறந்தது போலப் பாயும். சிவப்பும் சூடும் இதனால்தான்.

சரி, அரிப்பு? அதற்குக் காரணம் தோலில் காவலிருக்கும் மாஸ்ட் செல்கள். 1878இல் இவற்றுக்குப் பெயர் வைத்த ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், கேழ்வரகு அடைத்த மூட்டை போல உள்ளே நிறைந்திருந்த மணிகளைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்தார். அந்த மணிகள் உணவு அல்ல, அவற்றில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் இருக்கிறது. மூட்டை அவிழ்ந்தால் ஹிஸ்டமின் சிந்தி, அரிப்பைச் சுமக்கும் நரம்பு நுனிகளைத் தூண்டும். மகரந்தமோ பூச்சிக்கடியோதான் வேண்டும் என்பதில்லை, வெறும் அதிர்வே போதும்.

இதை அழகாகக் காட்டியது 2016இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. லெபனானைச் சேர்ந்த சில குடும்பங்களில், துண்டால் அழுத்தித் துடைத்தாலோ, கை தட்டினாலோ, குலுங்கும் பஸ்ஸில் போனாலோ தோல் தடித்துவிடும். மாஸ்ட் செல்லின் மேல் ஒரு புரதம், இரண்டு துண்டுகளாகத் தாழ்ப்பாள் போலக் கோத்திருக்கிறது. ஏடிஜிஆர்இ2 என்ற மரபணுவில் வந்த ஒரே ஒரு மாற்றத்தால் அவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் லொடலொடத்துவிட்டது, கொஞ்சம் அதிர்ந்தாலே மூட்டை அவிழ்ந்துவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: அந்தக் கோளாறு இல்லாதவர்களின் உடலிலும் அதிர்வு கொஞ்சம் ஹிஸ்டமினைக் கசியவிட்டது. அக்காவுக்கு வந்தது அந்தக் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும்.

சொறிவதும் ஒரு குலுக்கல்தான், இன்னும் சில மூட்டைகளை அவிழ்க்கும். ஈரத்துணி போட்டால் சீக்கிரம் அடங்கும்.

நம் மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளில் துளைபோடும் கருவியைப் பிடித்தே வருடக்கணக்கில் வேலை செய்கிறவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீண்டகால அதிர்வு நேர் எதிராக வேலை செய்யும். விரல்களின் ரத்தக் குழாய்கள் குளிரில் இறுகி, விரல் வெளுத்து மரத்துப் போகும். 1918இலேயே அமெரிக்கக் கல்தச்சர்களிடம் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பதிவுசெய்த நோய் அது. அங்கே ஈரத்துணி வைத்தியம் செல்லாது, கருவியையும் வேலை நேரத்தையும்தான் மாற்ற வேண்டும்.

பலகையில் நின்று தோல் தடித்தாலோ, உதடு, இமை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே இறங்கி டாக்டரிடம் போய்விட வேண்டும். கர்ப்பிணிகளும், பேஸ்மேக்கர் வைத்தவர்களும், காலில் ரத்தம் உறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

மற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்பதைப் பாதியாக்கினால், குலுக்கலின் வலு பாதியாக அல்ல, கால்வாசியாகவே குறைந்துவிடும். அக்காவுடையது சீசா போல ஆடும் வகை, அதில் கால்களை நடுவில் சேர்த்து வைத்தாலும் ஆட்டம் குறையும். வேகத்தைக் குறைத்து, பாதங்களை உள்ளே நகர்த்தி நிற்கச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கால் அரிப்பதில்லை என்றாள். "மூக்கு நுனிதான்டா நமநமங்குது." முட்டியை விறைப்பாக வைத்திருந்தாள், அதிர்வு நேராகத் தலைவரை ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மடக்கி நில்லுக்கா என்றேன்.