தம்புராவில் அந்த நூல் துண்டு என்ன செய்கிறது?

செந்தூலில் இருந்து ஒரு வாசகி புலனத்தில் கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் யோகா செய்கிறோம். கடைசிப் பத்து நிமிடம் எல்லாரையும் படுக்க வைத்து மாஸ்டர் தம்புரா ஒலியைப் போடுவார். அது 432 ஹெர்ட்ஸ், அதனால்தான் மனம் அடங்குகிறது என்கிறார். கூட வரும் அக்கா ஒருவர் 528தான் சிறந்தது, மரபணுவையே சரி செய்யும் என்கிறார். எது சார் உண்மை?"

இரண்டும் இல்லை. ஆனால் உங்களுக்கு மனம் அடங்குவது உண்மை. அதற்குக் காரணம் எண்ணில் இல்லை, அந்த வாத்தியத்தில் இருக்கிறது. முதலில் எண்களை முடித்துவிடுவோம்.

ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடி என்பதோ மனிதர்கள் நாளைத் தங்கள் வசதிக்கு வெட்டிச் செய்த துண்டு. இன்று அதை சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் என்று வரையறுத்து வைத்திருக்கிறோம். நம் முன்னோர் நாழிகையைப் பிடித்துக்கொண்டு வேறு மாதிரி வெட்டியிருந்தால், அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். பிரபஞ்சத்துக்கு 432 என்ற எண் மேல் தனிப் பிரியம் இருக்க வழியே இல்லை. இன்று வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க வழக்கமாக வைக்கும் 440 என்பதும் புனிதமானதல்ல. ஆர்கெஸ்ட்ராக்கள் ஒரே சுருதியில் வாசிக்கட்டும் என்று 1939இல் லண்டனில் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. அதற்கு முன்பே, 1884இல், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 432ஐ ஆதரித்தார். சுருதி ஏறிக்கொண்டே போனால் பாடகர்களின் தொண்டை என்ன ஆவது என்ற கவலையும் அந்த விவாதத்தில் இருந்தது. 432க்கும் 440க்கும் உள்ள தூரம் ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கர்நாடக இசைக்காரர்களிடம் இந்த வாதம் இன்னும் எடுபடாது. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். அவரவர் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஷட்ஜம், அதாவது 'ச'. குறிப்பிட்ட ஒரு எண்ணில்தான் மனம் அடங்கும் என்றால், நம் கச்சேரிகளில் பெரும்பாலானவை வீண் என்றாகிவிடும்!

528 மரபணுவைச் சரி செய்கிறதாம். உடலுக்குள் அந்த ஒலியலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். அத்தனை பெரிய அலை அத்தனை சின்ன இழையில் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்க்க முடியாது. இதை நம்பி ஒலிக் கிண்ணங்களுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, தம்புராவுக்கு வருவோம். இழுத்துக் கட்டிய தந்தி ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை 65 ஹெர்ட்ஸ் என்றால் கூடவே 130, 195, 260, 325 என்று மேற்சுரங்களும் எழும். ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் சில இடங்களில் கணு, அதாவது அசையாத புள்ளி, உண்டு. ஒரு புள்ளியில் தந்தியை மீட்டினால், அங்கே கணு உள்ள மேற்சுரங்கள் எழாது. யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரில் வழங்கும் விதி இது. சரியாக நடுவில் மீட்டினால் 130, 260 போன்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் வரக்கூடாது.

1921இல் கல்கத்தாவில் சி. வி. ராமன் இதைத் தம்புராவில் சோதித்தார். சோதனை மிக எளிமையானது. தந்தியை ஒரு புள்ளியில் மீட்டுங்கள், உடனே அதே புள்ளியை விரலால் மெல்லத் தொடுங்கள். அங்கே கணு உள்ள மேற்சுரங்கள் முதலிலேயே எழவில்லை. மற்றவை எல்லாம் விரல் பட்டதும் அடங்கிவிடும். ஆக, மிச்சம் எதுவும் கேட்கக்கூடாது. தம்புராவிலோ, எழவே கூடாத அந்த மேற்சுரங்கள் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தன. வீணையிலும் அப்படித்தான். தந்தியில் எந்த இடத்தில் மீட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ராமன் எழுதினார். காரணம் குதிரையின், அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையின், அமைப்பு என்றும் சுட்டிக்காட்டினார்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அந்தக் குதிரைதான். வயலினின் குதிரைக்குக் கூரான விளிம்பு. தந்தி எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே கிடையாது. தம்புராவின் குதிரை அகலமானது. பார்வைக்குத் தட்டை, விரலால் தடவினால்தான் முன்பக்கம் மிக மெதுவாகச் சரிவது தெரியும். தந்தி அந்தச் சரிவை உரசியும் உரசாமலும் கடக்கிறது. அதிரும்போது ஒரு பாதியில் தந்தி சரிவின் மேல் படிந்து கொஞ்சம் குட்டையாகிறது, மறு பாதியில் விலகி நீள்கிறது, யோகா பாயின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பது போல. தந்தியின் நீளமே ஒவ்வொரு அதிர்விலும் மாறிக்கொண்டிருந்தால், நிலையான நீளத்தை வைத்து எழுதிய விதி எப்படிப் பொருந்தும்?

இதோடு விட்டால் ஒலி இன்னும் முழுதாகத் திறக்காது. தந்திக்கும் குதிரைக்கும் இடையில் ஒரு துண்டு நூலைச் செருகுவார்கள். சாதாரணப் பருத்தி நூல்தான், பட்டு நூல் போடுபவர்களும் உண்டு. இதுதான் ஜீவாளி. பிரிக்பீல்ட்ஸில் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஆசிரியர் பிரடையைத் திருகி, மணியை நகர்த்திச் சுருதி சேர்த்த பிறகும் விடாமல், நூலை மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். முதலில் தந்தி 'டொங்' என்று மழுங்கலாகக் கேட்கும். நூல் ஓர் இடத்துக்கு வந்ததும் திடீரென்று 'ஙொய்ங்' என்று ரீங்காரம் விரியும். அரை மில்லிமீட்டர் தாண்டினால் மறுபடி டொங்.

நூல் தந்தியைத் துளியளவு தூக்கிப் பிடிக்கிறது. இப்போது தந்திக்கு முட்டுமிடம் இரண்டு: நூல் ஒன்று, சில மில்லிமீட்டர் முன்னால் உள்ள குதிரையின் சரிவு இன்னொன்று. ஒவ்வொரு அதிர்விலும் தந்தி ஒருமுறை அந்தச் சரிவில் மோதுகிறது. மோதும் கணத்தில் தந்தியில் ஒரு கூர்மையான மடிப்பு விழுகிறது. கூர்மையான எதற்குள்ளும் உயர்ந்த அதிர்வெண்கள் நிறைந்திருக்கும். எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டல்லவா? அந்த விறைப்பால், உயர்ந்த அதிர்வெண் அலைகள் தாழ்ந்தவற்றைவிட வேகமாக ஓடும். அதனால் இந்தச் சின்ன அலைக்கூட்டம் பெரிய அலையை முந்திக்கொண்டு தந்தியின் மறுமுனைக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1991இல் தம்புராவின் குதிரையை இப்படி முன்னோடி அலையைப் பிறப்பிக்கும் கருவியாகவே விளக்கினார்கள்.

மற்ற வாத்தியங்களில் உயர்ந்த மேற்சுரங்கள்தான் முதலில் சாகும். மீட்டிய கணத்தில் பளபளப்பு, பிறகு மங்கல். தம்புராவில் பெரிய அலை ஒவ்வொரு சுற்றிலும் குதிரையில் வந்து மோதி, தன் ஆற்றலில் கொஞ்சத்தை மேற்சுரங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக ஆற்றல் எதுவும் பிறக்கவில்லை. விரல் கொடுத்தது அவ்வளவுதான், அது கீழிருந்து மேலே கைமாறுகிறது. எந்த மேற்சுரங்கள் அதிகம் பெறும் என்பதை நூலுக்கும் சரிவுக்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. வித்வான் காதால் தேடுவது அந்த இடைவெளியைத்தான். தந்தியின் வீச்சு குறையக் குறைய மோதலின் தன்மை மாறுகிறது, தூக்கலாக ஒலிக்கும் மேற்சுரங்களும் மெல்ல இடம் மாறுகின்றன. ஒரே சுரம்தான், ஆனாலும் உள்ளே ஏதோ நகர்ந்துகொண்டிருப்பதாகக் கேட்பது இதனால்.

சுயம்பு காந்தாரம், அதாவது தானே எழும் 'க' சுரம், என்று பாடகர்கள் சொல்வதும் இதுதான். தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தியே இல்லை. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகள். பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டுமே. ஆனால் மந்தரத்தின், அதாவது தாழ்ந்த ஷட்ஜத் தந்தியின், ஐந்தாம் மடங்கு, 65 ஹெர்ட்ஸுக்கு 325, அந்தர காந்தாரம். ஜீவாளி சரியாக விழுந்த தம்புராவில் அது யாரும் மீட்டாமலே தனியாக வந்து நிற்கும். தெய்வச் செயல் என்று சிலர் கும்பிடுவார்கள். பெருக்கல் வாய்ப்பாடு என்று நான் கும்பிடுகிறேன்.

அது சரி, மனம் ஏன் அடங்குகிறது? ஒலியில் நம்மை உலுக்குவது அதன் தொடக்கம். கதவு அறைவது, தட்டு விழுவது எல்லாம் மூளைத்தண்டு வரை போய், யோசிக்கும் முன்பே உடலை விறைக்க வைக்கும். தம்புராவை விரலின் சதையால் வருடித்தான் மீட்டுகிறோம். பளபளப்பு மீட்டிய கணத்தில் வருவதில்லை, சற்றுக் கழித்துதான் விரிகிறது. ஒரு தந்தியின் ரீங்காரம் விரியும்போது அடுத்த தந்தி மீட்டப்பட்டுவிட்டது. முனைகள் ஒன்றின் கீழ் ஒன்று மறைந்துபோகின்றன. தாளமும் இல்லை, மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று மூளை காத்திருக்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு மேற்சுரங்கள் தாழ்விலிருந்து உயரம் வரை பரவி நிற்பதால், சாலை இரைச்சலிலும் மோட்டார் சைக்கிள் சத்தத்திலும் ஓரளவை அவை மூடிவிடுகின்றன.

மீதி வேலையை உங்கள் மூச்சு செய்கிறது. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்புச் சுற்றுக்கு இயல்பாகவே பத்து நொடி அளவில் ஒரு ஊசல் உண்டு. மூச்சு அதோடு சேர்ந்துகொள்ளும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகி ஒழுங்காகிறது. எந்த மதத்து மந்திரம் என்பது அங்கே பொருட்டாகவே இல்லை. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் பொருட்டு. அதே குழுவின் 2006 ஆய்வில், வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் ஏறின. இடையில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, இரண்டும் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கீழே இறங்கின. உங்கள் மாஸ்டர் கடைசி இரண்டு நிமிடம் ஒலிபெருக்கியை அணைத்துப் பார்க்கலாம்.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கமும் வருகிறது. 1907 முதல் பத்து ஆண்டுகள் ராமன் அரசாங்கக் கணக்கு அதிகாரி. அலுவலகம் முடிந்து மாலையில் ஆய்வகத்துக்குப் போய்த் தந்தியின் அதிர்வை ஆராய்ந்தவர். தம்புராக் கட்டுரை வந்த அதே 1921இல் கப்பலில் போகும்போது கடலின் நீலம் அவரை இழுத்துக்கொண்டது. அது 1930இல் நோபல் பரிசு வரை போனது. தம்புராவைப் பிறகு பிரெஞ்சுக்காரர்களும் பெல்ஃபாஸ்ட்காரர்களும் ஆராய்ந்தார்கள். இங்கே ஒரு மாணவர் உறுமியைப் பற்றியோ நாதஸ்வரச் சீவாளியைப் பற்றியோ ஆராய்கிறேன் என்று நிதி கேட்டால், 'இதனால் என்ன பயன்' என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அத்தனை உறுமி ஒலிக்கும் நாட்டில் இது கொஞ்சம் வெட்கக்கேடு. ஆய்வுக்குப் பெரிய செலவும் இல்லை, ஒரு நல்ல மைக்கும் மடிக்கணினியும் போதும்.

கடைசியாக, வாசகி கேட்காத ஒன்று. பூங்காவில் மாஸ்டர் வைக்கிற கையடக்க ஒலிபெருக்கியால் 65 ஹெர்ட்ஸைப் பெரும்பாலும் சரியாக எழுப்ப முடியாது. இருந்தும் மந்தரம் உங்களுக்குக் கேட்கிறது. 195, 260, 325 என்று மேற்சுரங்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக வருவதைக் கண்டு, அவற்றின் அடிப்படை 65ஆகத்தான் இருக்கும் என்று மூளை தானே கணக்குப் போட்டுக் கேட்டுக்கொள்கிறது. மேற்சுரம் வளமாக உள்ள தம்புராவில் இந்தக் கணக்கு சுலபம், வெறும் எலக்ட்ரானிக் 'ம்ம்ம்' ஒலியில் கஷ்டம். அதனால் தம்புரா செயலி எதையாவது இறக்கப் போகிறீர்கள் என்றால் அதன் பெயரில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மந்தரத் தந்தி ஒலித்த பிறகு காந்தாரம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் வேறு செயலி தேடுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.