ஹைட்ரோஸ்டேடிக் டிராக்டர் இழுக்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய தோட்ட டிராக்டர் மேட்டில் திணறி நின்றால் உடனே "ஹைட்ரோ (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரான்ஸ்மிஷன்) போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு பெல்ட்டிலோ, லிவரையும் ஹைட்ரோவையும் இணைக்கும் கம்பிகளான லிங்கேஜிலோ, ஆயிலிலோதான் இருக்கும். யூனிட்டைப் பிரிப்பது கடைசி வேலை. உள்ளே பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. தேவையில்லாமல் திறந்து தூசியை உள்ளே விட்டால், நன்றாக இருந்த பம்பும் கெடும்.

அடிப்படை இவ்வளவுதான். என்ஜின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்றுகிறது. அதன் பிஸ்டன்கள் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டில் உரசிச் சுழல்கின்றன. தட்டு நேராக இருந்தால் ஆயில் நகராது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்த்தால் ஆயில் மோட்டாருக்குப் பாய்ந்து சக்கரம் சுழலும், எதிர்ப்பக்கம் சாய்த்தால் ரிவர்ஸ். உள்ளே கசிந்து குறையும் ஆயிலை ஒரு சிறிய சார்ஜ் பம்ப் நிரப்பிக்கொண்டே இருக்கும். முன்னோக்கிய பாதைக்கு ஒன்று, பின்னோக்கிய பாதைக்கு ஒன்று என இரண்டு செக் வால்வுகள் (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடுபவை) உண்டு.

முதலில் காதைத் தீட்டுங்கள். மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் இறங்கி, நிற்கப் போவது போல் திணறினால் டிரான்ஸ்மிஷன் இழுக்கிறது என்று பொருள். அப்போது குறை என்ஜினில், அல்லது சரியாக விடுபடாத பிரேக்கில். என்ஜின் ஒரே சீராக ஓட, வண்டி மட்டும் நின்றால் எங்கோ நழுவுகிறது. என்ஜின் பம்பை பெல்ட் மூலம் சுற்றும் வண்டியானால் கிறீச்சென்ற சத்தம், ரப்பர் வாடை, கண்ணாடிபோல் பளபளக்கும் பெல்ட் விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். டென்ஷன் புல்லியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது பெல்ட் போட்டும் பயனில்லை. ஷாஃப்ட் வண்டியானால் கப்ளிங்கின் ரோல் பின் அறுந்திருக்கலாம், அல்லது பின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கலாம். அச்சு சுழன்றும் சக்கரம் சுழலாவிட்டால் ஹப் கீ (சக்கரத்தை அச்சோடு பூட்டும் சிறு ஆப்பு) அறுந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் துளிகூட நகரவில்லை என்றால் முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக வைத்திருக்கும் அந்த லிவர் அரைகுறையாகத் திறந்திருந்தாலும் அழுத்தம் உருவாகாது. துருப்பிடித்த கம்பி அதை முழுதாக மூடவிடாமல் தடுப்பது பழைய வண்டிகளில் சகஜம்.

நியூட்ரலில் வண்டி தானாக ஊர்ந்தால் அது பெரும்பாலும் பம்பின் குற்றமல்ல. லிங்கேஜ் போல்ட்டுகளிலும், ஸ்வாஷ் பிளேட்டைத் திருப்பும் ட்ரனியன் பகுதியின் காடியிலும் தேய்மானம் இருக்கும். தேய்ந்ததைச் சரிசெய்யாமல் நியூட்ரலை மட்டும் செட் செய்தால் சில நாளில் மீண்டும் ஊரும்.

அடுத்தது ஆயில். மெக்கானிக்குகளே அதிகம் தவறுவது இங்கேதான். பழைய கப் கேடட் பிராண்ட் ஹைட்ரோக்கள் ஹை-டிரான் வகை ஹைட்ராலிக் ஆயிலைக் கேட்கும், பல ஹைட்ரோ-கியர் பிராண்ட் யூனிட்கள் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலைக் கேட்கும், வேறு சில பழைய யூனிட்களுக்கு டைப்-எஃப் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்). கையில் இருப்பதை ஊற்றாமல் அந்த மாடலின் மேனுவலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்திருந்தால் காற்று. பில்டரிலும் ஏமாறாதீர்கள். மரை பொருந்துகிறது என்று என்ஜின் பில்டரை மாட்டுவார்கள். உறிஞ்சும் பாதையில் இருக்கும் பில்டர் ஆயிலைத் தடையின்றி விட வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் பம்ப் பட்டினி கிடந்து ஊளையிடும். உறிஞ்சும் குழாயில் மெல்லிய விரிசல் இருந்தால் வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் காற்று மட்டும் உள்ளே போகும்.

ஆயில் மாற்றியதும் காற்றை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். பைபாஸைத் திறந்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, வண்டியை ஓட்டும் லிவரை முன்னும் பின்னும் நிதானமாக 5, 6 முறை நகர்த்துங்கள். என்ஜினை நிறுத்தி பைபாஸை மூடிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இம்முறை சக்கரம் சுழலும், கை கால் எட்டி இருக்கட்டும். பிறகு அளவு பார்த்து ஆயில் சேருங்கள். சத்தம் அடங்கி ஓட்டம் சீராகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம்.

முன்னே நன்றாக இழுத்து, ரிவர்ஸில் மட்டும் சோம்பினால் செக் வால்வில் சந்தேகம் வையுங்கள். இரண்டும் ஒரே பார்ட் நம்பரா என்று மேனுவலில் உறுதிசெய்யுங்கள். ஒன்றுதான் என்றால், சுற்றுப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு முன்னோக்கிய ஓட்டத்துக்கு மாறினால் வால்வுதான். மாறாவிட்டால் வால்வு அமரும் இடமோ பம்போ சேதமாகியிருக்கிறது.

குளிர்ந்திருக்கும்போது இழுத்து, சூடேறியதும் படுத்துவிடும் வண்டிதான் கவலைக்குரியது. சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த பிஸ்டன் வழியே அழுத்தம் கசிந்துவிடுகிறது. அப்போதும் அவசரப்படாதீர்கள். குளிர்விக்கும் விசிறியின் இறக்கை உடைந்திருக்கிறதா, யூனிட்டின் மேல் சூட்டை வெளியேற்றும் துடுப்புகளில் புல்லும் எண்ணெய் அழுக்கும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சுத்தம் செய்து ஓட்டிப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் சோதனைத் துளையில் கேஜ் மாட்டி, மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் சூடாக இருக்கும்போது சார்ஜ் அழுத்தத்தை அளவிடுங்கள். சார்ஜ் அழுத்தம் குறைந்தால் சார்ஜ் பம்ப், கூடுதல் அழுத்தத்தை விடுவிக்கும் அதன் ரிலீஃப் வால்வு, உறிஞ்சும் பாதை ஆகியவை சந்தேக வரிசை. அழுத்தம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் பிஸ்டன் பகுதி தேய்ந்திருக்கிறது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அதிக அழுத்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிற மினுக்கு தெரிந்தால் பிஸ்டன் ஷூ (ஸ்வாஷ் பிளேட்டில் உரசும் பிஸ்டனின் அடிப்பாகம்) அல்லது வால்வு பிளேட் (ஆயில் போய்வரும் துளைகள் உள்ள தட்டு) உரசிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நடைகூட ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுத்துவரவும் வேண்டாம், பைபாஸைத் திறந்து, தள்ளி டிரெய்லரில் ஏற்றுங்கள். பம்பை மட்டும் மாற்றிவிட்டு மோட்டாரையும் ஆயில் பாதைகளையும் கழுவாமல் விட்டால், தங்கிய துகள் புதுப் பம்பையும் அறுத்துவிடும்.