கிளினிக்கில் மருந்து இல்லையென்றால்: வன்னியில் உள்ள மூத்தோருக்கு ஒரு விளக்கம்

அரசாங்க வைத்தியசாலையில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் குளிசைகள் எல்லாருக்கும் இலவசம். வயதெல்லை, வருமானச் சான்று, காப்புறுதி எதுவும் கேட்பதில்லை. மூத்தோர் அடையாள அட்டை எடுத்த பிறகு போவோம் என்று தள்ளிப்போட வேண்டாம். கிளினிக் கொப்பி இருந்தால் போதும், குறித்த திகதியில் போகவும் வேண்டும்.

கொப்பி இல்லாதவர் முதலில் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளுக்கோ, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கோ எழுதி அனுப்புவார்கள். வருத்தம் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், மாதாந்த மருந்தை ஊர் வைத்தியசாலையிலேயே எடுக்க முடியுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். முடியுமென்றால் அதைக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் அங்கே திருப்பி அனுப்பக்கூடும். நடக்க முடியாதவருக்காகப் பிள்ளைகள் கொப்பியோடு போய்க் கேட்கலாம்; முடிவு வைத்தியருடையது.

சிக்கல் தொடங்குவது, "இது ஸ்டொக் இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று துண்டு தரும்போதுதான். அரசாங்கம் மருந்தை மொத்தமாக, பொதுப்பெயரில் (கம்பனிப் பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரில்), கேள்விப்பத்திரம் கோரி வாங்குகிறது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழி அது. அந்த முறையால் விலை இறங்கும். ஆனால் கொள்வனவு பிந்தினால் ஒரே நாளில் அத்தனை நோயாளரும் தனியார் பாமசிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பாமசியிலும் பாதுகாப்பு உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. உச்ச விலைக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2022இல் ரூபா சரிந்தபோது பழைய விலையில் இறக்குமதி கட்டுப்படியாகவில்லை. மார்ச்சில் 29 வீதம், ஏப்ரலில் 60 மருந்துகளுக்கு 40 வீதம் ஏற்றவேண்டி வந்தது. 2023 ஜூனில் 60 மருந்துகளுக்கு 16 வீதம் குறைத்தார்கள். அதனால் பழைய பில்லை வைத்து இன்றைய விலையைக் கணிக்காதீர்கள். பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையைப் பாருங்கள். குளிசை அட்டையை வெட்டித் தந்தால் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கூடுதலாக எடுத்தால் பில்லோடு 1977க்கு அழைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

துண்டில் "லொசார்ட்டன் 50" என்று பிரஷர் குளிசை ஒன்று எழுதியிருந்தால், அதே மருந்து பல கம்பனிப் பெயர்களில், பல விலைகளில் இருக்கும். "இதிலயே விலை குறைஞ்சது இருக்கோ?" என்று கேட்பது உங்கள் உரிமை. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் பாமசியான ஒசுசல பக்கத்தில் இருந்தால் அங்கே முதலில் விசாரியுங்கள். மூத்தோர் அட்டையைக் காட்டித் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள்.

இங்கே ஆபத்தான பிழை ஒன்று நடக்கும். பாமசியில் வாங்கிய குளுக்கோபேஜையும், பிறகு கிளினிக்கில் கிடைத்த மெட்போமினையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே சீனி மருந்து. கிளிக்லசைட் என்ற இன்னொரு சீனிக் குளிசையில் இப்படி நடந்தால் சீனி திடீரென இறங்கி, வியர்த்து மயக்கம் வரும். இன்னுமொன்று: மெதுவாகக் கரையும் கிளிக்லசைட் 30 மி.கி., சாதாரண 80 மி.கி. குளிசைக்கு ஏறக்குறைய சமம். எண்ணை மட்டும் பார்த்து மாற்றக்கூடாது. பழைய மருந்துறைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, கொப்பியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்சுலினுக்கு வன்னி வெயில் எதிரி. திறக்காத போத்தல் குளிர்ப்பெட்டியில் 2–8 பாகை செல்சியசில் இருக்கவேண்டும்; உறைந்தால் எறியவேண்டியதுதான். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள், நீர் புகாத சிறு டப்பாவில், நிழலில் வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, நான்கு வாரம் கடந்தால் பாவிக்காதீர்கள். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் நேரே படாமல் துணியில் சுற்றவேண்டும்.