கடற்கரையை விட்டு உள்ளே குடிபோகிறவர்களே, முதல் வருடம் வாடகைக்கு இருங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்திலிருந்து என்னைத் தேடி வரும் குடும்பங்களில் பல, பரமக்குடிக்கோ முதுகுளத்தூருக்கோ கமுதிக்கோ மானாமதுரைக்கோ குடிபோய்விடலாம் என்ற நினைப்போடு வருகின்றன. காரணங்கள் நியாயமானவைதான். தீவில் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் பெருகியபின் சாதாரணக் குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கூரைப்பூச்சு பெயர்ந்து விழும் வீட்டுக்கு வருடாவருடம் செலவு செய்ய முடியவில்லை. படகை விற்றவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். அப்புறம் புயல் பயம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.

நான் ராமநாதபுரத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள், இல்லையென்றால் சிக்கல் வந்தபிறகு வருகிறார்கள். பணம் கைமாறுவதற்கு முன்பே வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாகப் போங்கள், ஆனால் முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். வாடகைக்கு இருங்கள். ஒரு கோடையும் ஒரு ஐப்பசி, கார்த்திகையும் அந்த ஊரில் கழியட்டும்.

"வாடகை கொடுத்தால் அந்தக் காசு போனது போனதுதானே, வக்கீலம்மா?" என்று உடனே கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டுமனை கிரயம் செய்தால், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 ரூபாய். ஊர் ஒத்துவரவில்லை என்று அடுத்த வருடமே விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது. மாதம் 5,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 60,000தான் ஆகிறது. (10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, 2025 ஏப்ரலிலிருந்து. வாங்குவது என்று முடிவானபிறகு அதை மறக்காதீர்கள்.)

ஒரு வருடம் எதற்கு என்றால், தண்ணீருக்காக.

நம் மாவட்டத்தில் கடலை விட்டு விலகினால் நல்ல தண்ணீர் வந்துவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. வைகைப் படுகையை ஒட்டிய இடங்களில் ஓரளவு நல்ல ஊற்று இருக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளிப் போனாலே போர்த் தண்ணீர் உவர்ப்பாக வரலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவரை வந்திருப்பது வேறு, அதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது வேறு. வீடு பார்க்கப் போகும் மார்கழி, தை மாதத்தில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் அதே தெருவில் குடத்துக்கு என்ன விலை, தள்ளுவண்டிக்காரர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பதைக் குடியிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதையும் தாண்டிய தண்ணீருள்ள மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

அதற்கு நேர் எதிரான ஆபத்து மழைக்காலத்தில் வரும். ராமநாதபுரம் சீமை கண்மாய்களை நம்பிய சீமை. கோடையில் கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டி, தரிசு மாதிரிக் கிடக்கும். அதன் ஓரத்து நிலத்தைச் சுத்தம் செய்து, கல் ஊன்றி, செம்மண் ரோடு போட்டு மனையாக விற்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது வெறும் சமதளம். உள்ளூர்ப் பெரியவரைக் கேட்டால், "அது வரத்துக்கால் போற இடம்ப்பா", அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும், வீடு கட்டியிருந்தாலும் வரும். நீர்நிலைக்குள் வருகிற இடமென்றால் 2007-ஆம் வருடத்து நீர்நிலைகள் பாதுகாப்புச் சட்டப்படி அகற்றுவார்கள். அப்போது உங்கள் கிரயப் பத்திரம் உதவாது. சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கி, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் கலுங்கு எங்கே இருக்கிறது என்று நேரில் நடந்து பாருங்கள்.

சரி, வாடகைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவர்களையும் ஒன்று இழுக்கும்: ஒத்தி. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, காலம் முடிந்ததும் பணம் முழுசாகத் திரும்பும். நம் பக்கத்துச் சிறு ஊர்களில் இது பழகிய ஏற்பாடு. நேர்மையாக நடக்கும் ஒத்திகளும் நிறைய உண்டு. ஆனால் என்னிடம் வரும் துயரங்களில் மோசமானவை இதில்தான் வருகின்றன.

மண்டபம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன், வள்ளத்தை விற்ற பணம் ஐந்து லட்சத்தை ஒரு சிறு ஊரில் ஒத்திக்குக் கொடுத்துக் குடிபோனது. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து, அவ்வளவுதான். இரண்டாவது வருடம் வங்கி நோட்டீஸை வாசற்கதவில் ஒட்டினார்கள். வீட்டுக்காரர் பல வருடம் முன்பே வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார், தவணை கட்டவில்லை. "வில்லங்கம் போட்டுப் பார்த்தோமே, ஒன்றுமே இல்லையே" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்தது உண்மைதான். ஆனால் கடைசி ஐந்து வருடத்துக்கு மட்டும் பார்த்திருக்கிறார்கள். அடமானம் அதற்கும் முந்தியது.

2002-ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயிக்கத் தேவையில்லாமலே அடமானச் சொத்தை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். அதை எதிர்த்து மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் பதிவு செய்யாத காகிதத்தோடு போனால் கையில் வலு இருக்காது. சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள சுவாதீன அடமானத்தை, அதாவது பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்க விடும் ஒத்தியை, பதிவுப் பத்திரத்தின் மூலம்தான் ஏற்படுத்த முடியும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு வேண்டும். ஐந்து லட்சம் கொடுத்த அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டின் மேல் எந்த உரிமையும் இல்லை, வீட்டுக்காரர் மேல் பண வழக்கு மட்டுமே மிச்சம். தீர்ப்பு வாங்கிவிட்டோம். கையில் சொத்து இல்லாத மனிதரிடம் அதை நிறைவேற்றுவதற்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஒத்திக்குத்தான் போவேன் என்றால், பதிவு செய்த ஒத்திப் பத்திரமாக எழுதுங்கள். செலவைப் பார்க்காதீர்கள். வில்லங்கத்தைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள். மூலப் பத்திரத்தை, நகலை அல்ல, கையில் வாங்கிப் பாருங்கள். "லாக்கரில் இருக்கிறது" என்று சொன்னால் எந்த லாக்கர் என்று கேளுங்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடனை செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் தேடிப் பார்க்க முடியும். மாத வாடகைக்கு இருப்பது இதைவிட எளிது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வருடம் கழிந்தது, ஊர் பிடித்துவிட்டது, வாங்கலாம் என்கிறீர்கள். அப்போது காகிதம். நம் மாவட்டத்து நிலப் பத்திரங்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இது சேதுபதிகளின் ஜமீனாக இருந்தது. 1948-ஆம் வருடத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான நிலங்களுக்கு, உழவருக்கு அரசே நேரடியாகத் தரும் ரயத்துவாரிப் பட்டா வந்தது. இனாமாக, அதாவது மானியமாகக் கொடுத்த நிலங்களுக்கு அதற்கும் பின்னால். அதனால் பல ஊர்களில் கோயில் நிலமும், பள்ளிவாசல், தர்கா வக்ஃப் நிலமும் தனியார் நிலங்களுக்கு நடுவே கிடக்கின்றன. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. நாலு கை மாறி உங்களிடம் வந்தாலும் அந்தக் குறை கூடவே வரும். பஞ்சமி நிலமும் அப்படித்தான். பட்டியல் சாதி மக்களுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கிய நிலம் அது, மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. அதைப் பறிப்பதில் நீங்களும் ஒரு கையாகிவிடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகைப்பாடு தெரியும். பட்டா கையில் இருக்கிறதே என்று திருப்தி அடைய வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது மட்டுமே உரிமையை நிரூபிக்காது.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்னும் நடக்கிறது. "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பார்கள். 2005 திருத்தத்தின்படி இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை உண்டு. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு உண்டு. அந்தத் தங்கச்சி பாகம் கேட்டு வழக்குப் போட்டால், வாங்கிய நீங்களும் பிரதிவாதி. வாரிசுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர்வதும் இதனால்தான்.

மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். அனுமதியில்லாத மனையை விற்பவர், "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பார். அது போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் வாய்ப்பு தரப்பட்டது.

இப்போது புதிதாக ஒரு விளம்பரம்: நான்குவழிச் சாலை ஓரத்து மனை. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. அதை வைத்து விலை ஏற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் பார்க்கும் சர்வே எண் நிலம் எடுப்பு அறிவிக்கையில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும்.

கடற்கரையில் விட்டுப் போவதையும் கவனியுங்கள். மீனவக் குடும்பங்கள் ரேஷன் அட்டையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், கடலோர மீனவக் குடும்பம் என்ற அடிப்படையில் கிடைப்பது. வீட்டில் யாராவது இன்னும் தொழிலுக்குப் போகிறார்கள் என்றால், முகவரி மாற்றினால் என்ன ஆகும் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பட்டா இல்லாத புறம்போக்கில் இருக்கும் வீடென்றால், அங்கே நீங்கள் குடியிருந்து அனுபவித்து வருவது ஒன்றுதான் உங்கள் பலம். பூட்டிப் போட்டுவிட்டுப் போனால் அது மெல்லக் கைவிட்டுப் போகும். பட்டா உள்ள வீட்டையும் முதல் வருடத்தில் விற்காதீர்கள். திரும்பி வரவேண்டிவந்தால், இன்றைய விலையில் தீவில் இன்னொரு வீடு வாங்க உங்களால் முடியாது.

வாங்குவது என்று பேச்சு முடிந்தபிறகும் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வருமான வரிச் சட்டமே ரொக்கத்தைத் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுங்கள். பத்திரத்தில் குறை இருந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.