சுண்டும் முன் ஒரு செக்கன்

“பயிற்சியில் தானாக விழுகிற காய், போட்டியில் மட்டும் ஏன் பொக்கட் வாயில் நின்று முழிக்கிறது?” கொட்டாஞ்சேனை கரம் ஆட்டக்காரர் ஒருவரின் கேள்வி இது. நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பிலேயே உலகப் பட்டம் வென்ற பிறகும், கரம் என்றால் மழைநாள் பொழுதுபோக்குத்தானே என்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் அதன் கணக்கு ஈவிரக்கம் இல்லாதது.

ஸ்ட்ரைக்கரின் ஆரை ஏறத்தாழ 2 செ.மீ., காயினது 1.5 செ.மீ. நேர் அடியில் ஸ்ட்ரைக்கர் 1 மி.மீ. விலகிப் பட்டால், காய் சுமார் 1.6 பாகை திரும்பும். 30 செ.மீ. ஓடியதும் விலகல் 8 மி.மீ. பொக்கட்டோ பக்கத்துக்கு 7 மி.மீ. கூட விட்டுக்கொடுக்காது.

இந்த ஒரு மில்லிமீற்றரைக் காப்பது கண். அது செக்கனுக்கு மூன்று தடவையளவு தாவிக்கொண்டே இருக்கும். தாவும் கணத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்துவிடும். கூர்மையாகத் தெரிவதும் நீட்டிய கையின் பெருவிரல் அகலத்துக்கு மட்டுமே. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1990களில் கொல்ஃப், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் பார்வையை அளந்தார். கைதேர்ந்தவர்களின் கண், இறுதி அசைவுக்கு முன்னரே ஒரு புள்ளியில் குந்திவிடுகிறது. புதியவர்களைவிட அதிக நேரம் அங்கேயே இருக்கிறது. அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘அமைதிக் கண்’ எனலாம். பார்வை 3 பாகைக் கோணத்துக்குள், குறைந்தது 100 மில்லிசெக்கன் நிலைத்தால்தான் கணக்கில் சேரும். திசையையும் விசையையும் மூளை சரிபார்ப்பது இந்த இடைவெளியில் என்பதே பொதுவான விளக்கம். பதற்றத்தில் இந்த இருப்புத்தான் சுருங்குகிறது. கண் சிவப்புக் காய்க்கும் எதிராளியின் கடைசிக் காய்க்கும் ஓடிவிட, விரல் அரைகுறைத் தகவலோடு சுண்டுகிறது. கண்ணூறு என்று கறுப்பு நூல் கட்டுபவர்கள் சொந்தக் கண்ணைக் கவனித்தாலே பாதி வேலை முடியும்.

பொக்கட்டின் நடுவிலிருந்து காயின் நடு ஊடாகக் கோடு இழுத்தால், பின்புறம் அது வெளியேறும் புள்ளிதான் இலக்கு. பொக்கட்டை ஒருமுறை பாருங்கள், ஸ்ட்ரைக்கரை வையுங்கள், பிறகு கண் அந்தப் புள்ளிக்குப் போகட்டும். ஒரு செக்கன் அங்கேயே. காய் நகர்ந்த பின்னும் அந்த இடத்தை விட்டு எடுக்காதீர்கள். பலர் சுண்டும்போதே காயின் பின்னால் கண்ணை ஓடவிடுகிறார்கள். விரலைப் பற்றி நினைப்பதும் கூடாது, பழகிய அசைவு குழம்பும். பார்வையை மிக நீண்ட நேரம் பிடித்து வைத்தாலோ விரல் இறுகி, சுண்டல் குத்தாகிவிடும்.

பார்வையை அளக்கும் கருவிகள் விலை கூடியவை. இப்போதைக்கு எதிர்ச் சட்டத்துக்கு அப்பால் கைபேசியை முகத்துக்கு நேராக வைத்துப் பதிவு செய்யுங்கள். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் 100 மில்லிசெக்கன் என்பது மூன்று படம். இருபது அடி அடித்து, கருவிழி அசையாத படங்களை எண்ணி, விழுந்ததையும் தவறியதையும் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த இருபதை, நண்பர் ஒருவரைச் சத்தம் போடவிட்டு அடியுங்கள்.